மூன்று கையெழுத்துப் போட்ட அலுமாரி

ஜூன் 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி போய்விட்டது. இடது தோள் நனைந்தபடியே அம்பிட்டிய பஸ்.

ஐந்து நாள் செயலமர்வு. ‘கையால் செய்து கற்றல்: ஆசிரியர்களுக்கும் பாடசாலை நூலகர்களுக்கும்’ என்று வாசலில் பதாகை. நான் போகமாட்டேன் என்றுதான் சொன்னேன். எங்கள் பாடசாலை அதிபர் விடவில்லை. “லைப்ரரி மிஸ், கடைசி நாள் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு பெட்டி சாமான் குடுக்குறாங்களாம். பொறுப்பா வாங்கிட்டு வர உங்கள விட்டா நமக்கு யாரு இருக்கா?”

ஆக, படிக்க அல்ல. சாமான் வாங்கி வர.

மொத்தம் இருபது பேர். பாதி ஆசிரியர்கள், பாதி நூலகர்கள். பத்து மணிக்கு மீன் பணிஸ். நான் சைவம் என்று போன வாரமே படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். யார் படிக்கிறார்கள். வெறும் தேத்தண்ணீர்.

பயிற்சி தருபவள் ஷாமினி, கொழும்பிலிருந்து. முப்பது வயது இருக்காது. ஜீன்ஸ். எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்: “இந்த அஞ்சு நாளும் நல்லா பிழை விடுங்க. பிழை விட்டா என்கிட்ட வந்து சொல்லுங்க. யாரும் ஏச மாட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இருபத்திமூன்று வருட நூலக வேலையில், வருடாந்தக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்ததில்லை. இனித்தான் பிழை விடப் பழக வேண்டுமாம். நல்ல கூத்து.

இரண்டு பாடசாலைக்கு ஒரு மேசை, பயிற்சிக்கு ஒரு பெட்டி. என் மேசையில் நஸ்ரீன், கடுகண்ணாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து நூலகர். வேலைக்கு வந்து இரண்டு வருடம். வாய் மூடுவதே இல்லை. லைப்ரரியில் ஒரு பூனை வைத்திருக்கிறாள், பெயர் சீனி. போனில் அதன் படம் முப்பதாவது காட்டியிருப்பாள். “குளிர் தாங்காது அக்கா இதுக்கு. சூடு எங்க ஈக்கிதோ அங்கதான் போய்ப் படுக்கும். போட்டோக் கொப்பி மெசினுக்கு மேல, கம்பியூட்டருக்குப் பின்னால.”

பெட்டியில் உள்ளவை:
சின்ன மோட்டர் 6
எல்.ஈ.டி. ஒரு பை
க்ளூ கன் 2
கட்டர் 4, இரும்பு அடிமட்டம் 2
பற்றரி 12 (தட்டை, வெள்ளி நிறம், ஒரு பிஸ்கட் அளவு)
சார்ஜர் 1 (ஒரே தடவையில் நாலு பற்றரி போடலாம்)

பின்னேரம் எண்ணிப் பார்த்துத் தாளில் கையெழுத்து வைக்க ஒருவர் வேண்டும். நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். வேறு யார்.

ஜூன் 9, செவ்வாய்

மழை விட்டுக் காற்று. மலையெல்லாம் பனிமூட்டம், எதிர்ப்பக்க வீடுகள் தெரியவில்லை.

காட்போட்டில் ஒரு கை செய்தோம். நூலை இழுத்தால் விரல் மடங்கும். என்னுடையதில் நடுவிரல் மட்டும் மடங்காமல் நின்றது. நஸ்ரீன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன், வெட்கம் கெட்டு. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

பிறகு பாதுகாப்பு வகுப்பு. ஷாமினியின் முகம் மாறிவிட்டது, விளையாட்டுப் பேச்சே இல்லை. அந்த வெள்ளிப் பற்றரி நசுங்கினால், ஓட்டை விழுந்தால், வீங்கினால், மற்றதோடு சேர்த்து வைக்கவே கூடாது. உடனே வெளியே கொண்டுபோய் மணல் வாளியில் போட வேண்டும். வாசலுக்கு வெளியே சிவப்பு வாளி இருக்கிறது. ஒரு வீடியோ காட்டினாள். மேசையில் சும்மா கிடக்கிற பற்றரி. மெல்ல மெல்ல வீங்குகிறது. கொஞ்சம் புகை. அடுத்த கணம் சீறிக்கொண்டு நெருப்பு, ஒரு முழம் உயரத்துக்கு.

யாரோ கேட்டார்கள், நசுங்கின உடனேயா என்று.

“சில நேரம் உடன. சில நேரம் நாள் கணக்குல ஒண்ணும் நடக்காது. நீங்க மறந்து போயிருப்பீங்க. அது மறக்காது.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளைப் பயம் காட்டுகிற மாதிரி.

பின்னேரம் தெல்தெனியப் பக்கத்து சேர் ஒருவரின் மோட்டர் உடைந்தது. ஷாமினி “பரவாயில்ல சேர்” என்றாள். கூட இருந்த ஆசிரிய ஆலோசகர் விடுவாரா? இழப்புப் படிவம். விளக்கக் கடிதம் இரண்டு பிரதி. எல்லோர் முன்னாலும் நின்று எழுத வைத்தார். அந்த மனுசனின் காது சிவந்து போனதை இப்போதும் மறக்க முடியவில்லை.

எங்கள் பெட்டி சரி. 12 பற்றரி. கையெழுத்து.

ஜூன் 10, புதன்

இதை எழுதுவதா விடுவதா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியை இவர், என் வீட்டுக்காரர், தொடமாட்டார்.

வாசிப்பு விளக்குச் செய்கிற நாள். பகல் சாப்பாட்டு நேரம். நஸ்ரீன் தொழப் போயிருந்தாள், மற்றவர்கள் கீழே சாப்பாட்டுக்கு. நான் மட்டும் காட்போட்டை வெட்டி முடித்துவிடலாம் என்று இருந்தேன். கட்டரை அழுத்தினேன், முழங்கை தட்டி இரும்பு அடிமட்டம் நிமிர்ந்து விழுந்தது. அதன் கீழே ஒரு பற்றரி. மூலை மடங்கி, நடுவில் கீறல் மாதிரி ஒரு குழி. ஓட்டை இல்லை. வாசமும் இல்லை. சுடவில்லை. கையில் வைத்து எண்ணி அறுபது வரை பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

சிவப்பு வாளி பத்து எட்டுத் தூரம். போட்டிருந்தால் முடிந்தது. ஆனால் போட்டால் பதினொன்று. பதினொன்று என்றால் படிவம், கடிதம், அந்தத் தெல்தெனிய சேரின் காது. “கண்டி டவுன் லைப்ரரி மிஸ்ஸா? அவங்களா?” என்பார்கள்.

குழி விழுந்த பக்கத்தைக் கீழே வைத்து, மற்றப் பதினொன்றோடு அடுக்கி மூடினேன்.

நஸ்ரீன் முகம் கழுவிய ஈரத்தோடு வந்து, “அக்கா, எனக்காகச் சாப்பிடாம இருந்தீங்களா?” என்றாள். ஓம் என்றேன்.

பின்னேரம்: 12. கையெழுத்து. எழுத்துக் கோணவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

சின்ன விஷயம்தான். நம்முடைய பெட்டி நம்முடைய பாடசாலைக்குத்தானே வரப்போகிறது. கொண்டுபோய் ஆறுதலாக எடுத்து எறிந்துவிடலாம்.

ஜூன் 11, வியாழன்

நல்ல குளிர். சுவெற்றர் போட்டும் பல் அடிக்கிறது.

இன்று எனக்கு மேடை. ஷாமினி கேட்டாள், நூலகர்கள் சாமானை எப்படிப் பாதுகாக்கிறீர்கள், ஒருவர் சொல்லிக் காட்டுங்கள் என்று. எல்லோரும் என்னைத் தள்ளிவிட்டார்கள். காட்டினேன். அலுமாரியைப் பூட்டி, இரண்டு கதவும் சேருகிற இடத்தில் வெள்ளைத் தாள் பட்டி ஒட்ட வேண்டும். அதில் அதிபர், நூலகர், இன்னொரு ஆசிரியர், மூன்று பேர் குறுக்காகக் கையெழுத்து. திகதி. மேலே செலோடேப். மூன்று பேரும் கூடாமல் யாரும் திறக்கக் கூடாது, அதிபரே ஆனாலும். சாவி அதிபரிடம். “இப்படிச் செய்தால் ஒரு ஊசிகூடக் காணாமல் போகாது.”

ஆலோசகர் கை தட்டினார். “பாருங்க, பாத்துப் படிங்க.” நஸ்ரீன் கொப்பியில் படம் போட்டு எழுதிக்கொண்டாள். பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் மேசைப் பெட்டிப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

ஷாமினி மட்டும் கை தட்டவில்லை. “டீச்சர், அப்ப பிள்ளைகள் எப்ப அதத் தொடுவாங்க?” என்றாள். நான் செலோடேப்பை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், நஸ்ரீன் சார்ஜருக்குப் பக்கத்தில். “அக்கா, பன்னெண்டையும் புல் சார்ஜ் பண்ணிட்டேன். காலையிலேருந்து நாலு நாலா மாத்தி மாத்திப் போட்டேன். நாளைக்குப் பெட்டி குடுக்கக்குள்ள ரெடியா ஈக்கட்டும்.”

பன்னிரண்டுமா என்று கேட்டேன்.

“ஓ, பன்னெண்டும். ஒண்ணு கொஞ்சம் மினக்கெட்டிச்சி. பரவாயில்ல, ஏறிட்டு.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில். ஷாமினி ஒரு கதிரை தள்ளித்தான் இருந்தாள். வாயைத் திறந்தேன். “நல்லது செஞ்சீங்க” என்றுதான் வந்தது.

ஜூன் 12, வெள்ளி

மேகம். மழை இல்லை.

முடிவு விழா. குத்துவிளக்கு, பிரதம அதிதி, ஒரு மணி நேரப் பேச்சு. மேசைக்கு இரண்டு பெட்டி: பயிற்சிக்குப் பாவித்தது ஒன்று, கடையிலிருந்து வந்தபடி புதியது ஒன்று. யாருக்கு எது என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். மற்ற மேசைகளில் புதியதற்குச் சண்டை. நான் உடனே சொன்னேன்: “புதுசு நஸ்ரீனுக்கு. நான் பழச எடுத்துக்கிறேன்.”

“ஐயோ அக்கா, நீங்க பெரியவங்க...”

“சொன்னா கேளுங்க.”

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என்னை நல்லவள் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். என் வினையை நானே வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், அவ்வளவுதான்.

பெட்டிகளை மினுக்குத் தாளில் சுற்றி, ரிபன் கட்டி, பாடசாலைப் பெயர் எழுதிய துண்டை ஒட்டினார்கள். சுற்றுவதற்கு நஸ்ரீனும் உதவிக்குப் போனாள். மேடையில் வாங்கினேன். படம் எடுத்தார்கள். அச்சடித்த சிரிப்பு எனக்கு.

யோசனை என்னவென்றால், பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் அதை எடுத்து எறிந்துவிட்டுத் திங்கள் பாடசாலைக்கு எடுத்து வருவது. நடக்கவில்லை. வேனில் நேரே பாடசாலை. வாசலில் அதிபர். பக்கத்தில் குகன் சேர், எங்கள் விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர்.

“சுத்தின தாளப் பிரிக்காதீங்க மிஸ். இருபத்தாறாம் தேதி கல்விப் பணிப்பாளர் வர்றாரு. அவர் கையால ரிபன் வெட்டித் திறக்கணும். அதுவரைக்கும் உங்க மொறப்படி சீல் வச்சிருவோம்.”

என் முறைப்படி.

லைப்ரரி இரும்பு அலுமாரி, மேல் தட்டு. தாள் பட்டி. அதிபர் கையெழுத்து, குகன் சேர் கையெழுத்து, என் கையெழுத்து. செலோடேப்பை நானே விரலால் தேய்த்து ஒட்டினேன், ஒரு காற்றுக்குமிழ் இல்லாமல்.

ஜூன் 13, சனி

வெயில், அதிசயமாக. துணி தோய்த்தேன். மூன்று பெட்சீட்.

இவர் கேட்டார், “என்ன புவனா, ஒரு மாதிரியா இருக்க?” ஒன்றுமில்லை என்றேன். நகரசபையில் முப்பது வருடம் கிளாக் வேலை பார்த்த மனுசன். சீலை உடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், பொதுவாக. “அத மட்டும் செய்யாத. மத்தது எதையும் சமாளிக்கலாம்” என்றார்.

கோயிலுக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது?

ஜூன் 15, திங்கள்

பாடசாலை. தூறல்.

ஏழு மணிக்கே போய் அலுமாரியில் கை வைத்துப் பார்த்தேன். இரும்பு, பச்சைத் தண்ணீராய்ச் சில்லென்று. மூக்கை வைத்து மணந்தும் பார்த்தேன். கதவில் மூக்கு வைத்து நிற்கிற கோலத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பார்த்துவிட்டது. “மிஸ், எலி செத்திருச்சா?”

அலுமாரிக்குப் பக்கத்து மேசையை யன்னல் ஓரம் தள்ளினேன். காரியாலயத்துக்கு வெளியே தொங்கிய மணல் வாளியைக் கொண்டுவந்து வைத்தேன். அதற்குள் வெற்றிலைத் துப்பலும் டொபித் தாளும். துப்புரவாக்கி, தோட்டத்து மணல் போட்டேன்.

இடைவேளையில் எட்டுப் பிள்ளைகள். அலுமாரிக் கதவில் உள்ள கண்ணாடித் துண்டு வழியாக மினுக்குத் தாளை எட்டிப் பார்த்து, “மிஸ், எப்ப திறப்பீங்க? எப்ப தருவீங்க?”

இருபத்தாறாம் தேதி என்றேன். போய் யன்னல் பக்கம் இருங்க என்று கத்தினேன். ஏன் கத்துகிறேன் என்று அதுகளுக்கு விளங்கவில்லை. ஒன்று அழப் பார்த்தது. எனக்கும் அழுகைதான் வந்தது.

ஜூன் 16, செவ்வாய்

மழை, விடாமல். டொரிங்டன் பக்கம் மண் சரிந்து பஸ் பிந்தியது.

நஸ்ரீனிடமிருந்து குரல் செய்தி. “அக்கா, எப்பிடி சொகம்? எங்கட மூணாம் வகுப்புக் கூரை ஒழுகுது, அதனால முப்பது புள்ளைங்களையும் என்ட லைப்ரரிலதான் போட்டீக்கிறாங்க. ஒரே கூச்சல். பெட்டிய மர அலுமாரில மேல் தட்டுல வச்சி, நீங்க சொல்லித் தந்த மாதிரியே சீல் வச்சிட்டேன். எங்க பிரின்சிபலுக்கு நல்ல சந்தோசம்.”

மூன்று முறை கேட்டேன், அந்தக் கூச்சலுக்காகவே. நல்லவேளை, அவளுக்குப் புதியதைக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

குகன் சேரிடம் ஒரு பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டேன். புல் சார்ஜில் இருக்கிற, நசுங்கின பற்றரி ஒன்று பூட்டின அலுமாரியில் இருந்தால்?

அவர் சோக்கைக் கீழே வைத்துவிட்டார். “புல் சார்ஜ் எண்டா இன்னும் மோசம். உடன வெளியில எடுக்க வேணும் மிஸ். ஏன், எங்கட பெட்டியிலயோ?”

இல்லை, சும்மா என்றேன்.

“மிஸ். நானும் அந்தத் தாளில கையெழுத்து வச்சனான்.”

லைப்ரரிக்குத் திரும்பி நடந்தேன். அவர் பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது.

அதிபரிடம் போனேன். எண்ணிக்கை ஒன்று சரி பார்க்க வேண்டும், அலுமாரியைத் திறக்கலாமா என்று. “என்ன மிஸ் வெளையாடுறீங்களா? நீங்களே சீல் வச்சிட்டு நீங்களே ஒடைக்கச் சொல்றீங்க. நாளைக்கு ஒரு சாமான் கொறஞ்சா விசாரணை யாருக்கு? இன்னும் பத்து நாள்தானே.”

பத்து நாள்.

ஜூன் 17, புதன்

மழை. குளிர்.

லைப்ரரிக்குள் ஒரு வாசம். நகப்பூச்சு மாதிரி, கொஞ்சம் இனிப்பாக. பிள்ளைகள் எல்லோரையும் வெளியே அனுப்பினேன். தேடினால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பையில் நகப்பூச்சு. அவளை ஏசவில்லை. கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருப்பேன்.

இனி ஏலாது. பகலுக்கு ஷாமினிக்குப் போன் அடித்தேன். எல்லாம் சொன்னேன், முதல் தடவையாக, வாயால். அவள் ஏசவே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “சார்ஜ் பண்ணினதா? எந்த நாள்? டீச்சர், கேளுங்க. நசுங்கினது கொஞ்சம் கொஞ்சமா சூடாகும். தொட்டா தெரியும். பக்கத்துல உள்ள மத்தப் பதினொண்டும் சேர்ந்து பிடிக்கும். பூட்ட உடைச்சாவது எடுங்க. இண்டைக்கே.”

அதிபரைத் தேடினால், அவர் அதற்குள் வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போய்விட்டார், சாவியோடு. நாளைக் காலை ஏழுக்கு முன் வருவார். குகன் சேரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சொன்னார்: “இரும்பு அலுமாரி, வெறுங்கையால உடைக்க ஏலாது. நாளைக்கு நானும் ஆறரைக்கு வாறன். ரெண்டு பேர் கையெழுத்து உடைக்கிறம், மூண்டாவது ஆள் ஏசட்டும்.”

நல்ல மனுசன். இவரை இத்தனை வருடம் கல்லுளிமங்கன் என்று நினைத்திருந்தேன்.

பைல் கபினெட்டைத் திறக்கிற இரும்புக் கம்பி ஒன்றை இவரின் சாமான் பெட்டியிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. வேலை போனால் சொல்லலாம்.

ஜூன் 18, வியாழன்

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்துக் கோணல். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

நடந்தது வரிசையாக.

6.35. அதிபர் வந்திருந்தார். சொன்னேன். நசுக்கினது நான், மறைத்தது நான், கையெழுத்து வைத்ததும் நான். அவர் முகம் கறுத்துப்போனது. சாவியைத் தந்தார். நான்தான் சீலைக் கிழித்தேன். இருபத்திமூன்று வருடத்தில் முதல் தடவை. டர்ரென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குகன் சேர் மணல் வாளியோடு. நான் மினுக்குத் தாளைப் பிரித்தேன். மூடியைத் திறந்தேன்.

உள்ளே எல்லாம் புதியது. மோட்டர்கள் பொலித்தீன் பையில், பிரிக்காமல். பற்றரி பன்னிரண்டும் கடை அட்டையிலேயே, தகதகவென்று. மேலே நாலாக மடித்த துண்டு. நஸ்ரீனின் உருண்டை எழுத்து.

‘அக்கா, கோவிக்க வாணாம். பெயர்த் துண்டு ரெண்டையும் நான்தான் மாத்தி ஒட்டினேன். எனக்காக நீங்க பழச எடுக்கிறது மனசு கேக்கல்ல. புதுசு உங்களுக்குத்தான். உங்கள மாதிரி ஒரு ஆள் எனக்குக் கெடைச்சதே பெரிசு. நஸ்ரீன்.’

அதிபர் “எல்லாம் சரியா இருக்கே மிஸ்” என்றார். சிரிக்கவும் தொடங்கினார்.

ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தேன்.

7.10. நஸ்ரீன் மூன்றாவது அடிப்பில் எடுத்தாள். பின்னால் கூச்சல், மூன்றாம் வகுப்பு.

“அக்கா! விடிஞ்சதும் ஒங்கட கோல். பெட்டிய திறந்தீங்களா? துண்டப் பாத்தீங்களா? ஏசாதீங்க.”

அலுமாரி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், மடச்சி மாதிரி.

“நல்லா ஈக்கிது. எங்கட சீனிக்குத்தான் இப்ப புது எடம். நேத்திலேருந்து அலுமாரிக்கு மேலதான் சுருண்டு கெடக்கு, எறங்க மாட்டேங்குது. இந்தக் குளிருல என்னத்த கண்டிச்சோ.”

சூடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய்ப் படுக்கும்.

உடைங்க என்றேன். சீலை உடைத்துப் பெட்டியை வெளியே எடுங்க.

சிரித்தாள். “நீங்களா அக்கா சொல்றீங்க? சாவி பிரின்சிபல்ட்ட. மூணு பேரும் கூடணுமே, நீங்கதானே படிச்சித் தந்தீங்க.”

அந்த இடத்திலும் நேரே சொல்லவில்லை நான். எண்ணிக்கையில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? எந்த நாய்ப்புத்தி?

“எண்ணிக்கை சரிதான். பன்னெண்டு. நீங்க கையெழுத்து வச்ச கணக்கு பிழைக்குமா அக்கா?”

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும், ஒரே மூச்சில். புதன்கிழமை, நீங்கள் தொழுதுகொண்டிருந்த நேரம், அடிமட்டம், குழி, கீழ்ப்பக்கம் திருப்பி வைத்தது. நெருப்புப் பிடிக்கும் நஸ்ரீன். பிள்ளைகளை வெளியே எடுங்க.

பிறகு அவள் குரல், எனக்கில்லை, அறைக்கு: “எல்லாரும் வெளிய! பையெல்லாம் அப்பிடியே விடுங்க! ஓடுங்க புள்ளைங்க, கிரவுண்டுக்கு!” கதிரை இழுபடுகிற சத்தம். ஏதோ விழுந்து உடைகிற சத்தம். யாரோ ஒரு சின்னப் பிள்ளை, “டீச்சர், சீனி? டீச்சர், சீனி மேல...”

லைன் போய்விட்டது.

குகன் சேர் பயர் பிரிகேட்டுக்கு அடித்துச் சொல்கிறேன் என்றார். நான் குட்செட் பஸ் நிலையத்துக்கு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறினேன். த்ரீவீல் பிடித்திருக்க வேண்டும். அந்த யோசனைகூட வரவில்லை.

பேராதனை. நெரிசல். நஸ்ரீனுக்கு ஆறு தடவை அடித்துவிட்டேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றால் எப்படி எடுப்பாள்? போனை உள்ளே விட்டிருப்பாள். உள்ளே விட்டிருப்பாள், அவ்வளவுதான். பூனைக்காகத் திரும்ப உள்ளே போயிருக்கமாட்டாள்.

ஏழாவது தடவை. இப்போது அடிக்கவும் இல்லை.

பக்கத்தில் இருக்கிற அம்மா, “என்ன மிஸ், யாருக்கும் சொகமில்லையா?” என்கிறார். தலையாட்டினேன்.

பிலிமத்தலாவை. 7.52. பஸ் திடீரென்று ஓரம் கட்டி நிற்கிறது. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு பின்னால் பார்த்து, “வழி விடு, வழி விடு” என்று கை காட்டுகிறான். சைரன். சிவப்பு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிக் கடுகண்ணாவைப் பக்கம் போகிறது.

குகன் சேர் அடித்ததற்காகப் போகிறதா, அங்கிருந்து யாராவது அடித்ததற்காகவா, தெரியவில்லை.

பின்னால் இன்னொன்று வருகிறது.